பத்தொன்பதாவது வரி

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அந்த மாடிப்படியில் ஏறும்போது ஆலை மேலாளர் இரண்டு முறை நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. யாராவது பின்தொடர்ந்து வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பயப்பட ஒரு காரணம் இருக்கிறது என்றாவது ஆகியிருக்கும்.

கதவைத் திறந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் டிரைவிங் ஸ்கூலின் முத்திரை.

"அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க, துணி மடிக்கிறாங்க. உள்ள வாங்க. என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றவன் உள்பக்கம் திரும்பிக் கத்தினான். "அக்கா! கேஸ் வந்திருக்கு!"

"கேஸ் இல்லடா. மனுஷங்க வந்திருக்காங்க. தண்ணி கொண்டு வா."

கட்டில் நிறையக் காய்ந்த துணி. அதன் நடுவில் உட்கார்ந்திருந்த பெண்மணியைப் பழைய அலுவலகத்தில் எல்லாரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் தீக்காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கட்டடங்களுக்குள் போய், சாம்பலைப் பார்த்து, தீ எந்த மூலையில் பிறந்தது என்று சொன்னவர். இப்போது தனியாக இருந்து, வருகிறவர்களின் சிக்கல்களை அவிழ்த்துக் கொடுக்கிறார். டிரைவிங் ஸ்கூல்காரன் அவருடைய தம்பி. அக்காவுக்கு உதவி என்று அவன் சொல்லிக்கொள்வான். நான்கு வருடம் முன்னால் மெத்தை ஆலையில் மோட்டார் கொட்டகை எரிந்தபோது சேதத்தை அளவிட வந்த இடத்தில்தான் ஆலை மேலாளருக்கு இவரோடு பழக்கம்.

"அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

"பைத்தியம் பிடிச்சவங்க அந்தச் சந்தேகத்தோட மாடி ஏற மாட்டாங்க. உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு. எண் இருந்தா எண்ணோட சொல்லு."

அவள் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை ஹாலில், மூன்று வாரமாகச் சனி, ஞாயிறுகளில், நிதித்துறை தெரியாத மேலதிகாரிகளுக்கான உயர்நிலை நிதிப் பயிற்சி நடக்கிறது. ஆலை முதலாளியின் ஏற்பாடு. 'கணக்குப் படிக்கத் தெரியாதவங்க கையில ஆலையைக் கொடுத்துட்டு நான் எப்படித் தூங்குறது' என்றாராம். போகிறவர்கள் நான்கு பேர். உற்பத்தியைப் பார்க்கும் இவள். இடி மாதிரிப் பேசுவதால் 'இடி' என்று பெயர் வாங்கிய விற்பனைத் தலைவர். பணியாளர் துறைத் தலைவி. எல்லாரும் 'அண்ணன்' என்று கூப்பிடும் கொள்முதல் தலைவர். இன்று கடைசி நாள்.

பயிற்சியாளர் ஒல்லியான, மெல்லப் பேசும் மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "பெரிய பதவிக்கு வந்தவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. புரியலைன்னு சொல்ல வெட்கம்." அதனால் அவர் வகுப்பில் எதிலும் பெயர் கிடையாது. தினமும் காலையில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு மடிக்கணினி. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் திருத்த வேண்டும், யாருடையது என்று கேட்கக்கூடாது. ஒவ்வொரு வரியையும் படித்து முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

நேற்றைய பயிற்சியில் நான்கு பேருக்கும் ஒரே வேலை. மெத்தை ஆலைக்கு இந்த மாதம் தொடங்கிப் பன்னிரண்டு மாதம் எவ்வளவு பணம் உள்ளே வரும், எவ்வளவு வெளியே போகும் என்று முன்கூட்டிக் கணித்துத் தர வேண்டும். ஊகிக்கிற எண்ணை ஆயிரத்துக்கு வட்டமாக்கிப் போடச் சொல்லியிருந்தார். இன்று காலை தாள்களைக் கலைத்துப் பங்கிட்டார்.

"எனக்கு வந்த தாள்ல பதினாறு வரி வரைக்கும் ஒண்ணுமில்லை. பதினேழாவது வரி, பழைய கிடங்கோட தேய்மானம். வழக்கமா மாசம் அறுபதாயிரம். அதை வெளியே போற பணத்துல போட்டிருந்துச்சு. அதுவே தப்பு, கட்டடம் பழசாகுதுன்னு யாரும் காசு கொடுக்கிறதில்லை. ராத்திரி உட்கார்ந்து படிச்சதால எனக்குத் தெரிஞ்சுது. ஆனா இதுல இந்த மாசம் முப்பத்துநாலாயிரம்தான். அடுத்த மாசத்துலேர்ந்து பூஜ்யம்."

"ம்." நிதானம் ஒரு துண்டை நாலாக மடித்து அடுக்கில் வைத்தார்.

"பதினெட்டாவது வரி, வெளிக் கிடங்கு வாடகை. எங்களுக்கு வெளியில கிடங்கே கிடையாது அக்கா! இந்த மாசம் எண்பதாயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தஞ்சு. அடுத்த மாசத்துலேர்ந்து ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூத்தம்பது. பத்தொன்பதாவது வரி 'இதர வரவு'. அஞ்சு மாசம் கழிச்சு, ஒரே ஒரு தடவை. எட்டுக் கோடியே நாற்பது லட்சம்."

"எதுக்கான பணம்?"

"எழுதலை. ஆனா அந்த எண் எனக்குத் தெரியும். பழைய கிடங்குக்கும் அதுல இருக்கிற சரக்குக்கும் நாங்க எடுத்த தீக்காப்பீடு. போன மாசம் நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

தம்பியின் வலது கால் தரையில் அழுந்தியது. மாணவர்கள் வண்டியை எதிலாவது மோதப் போகும்போது அவன் கால் தானாகப் போகிற இடம் அது.

அவள் வாய் தவறி, 'இந்தப் பத்தொன்பதாவது வரியை யார் போட்டது' என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டாள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பயிற்சியாளர் விரலை ஆட்டினார். அந்த மூன்று வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், தாளில் தேய்மானம் வருடம் முழுக்க மாதம் அறுபதாயிரம். பதினெட்டாவது வரியில் பூஜ்யம். பத்தொன்பதிலும் பூஜ்யம்.

"பயிற்சியாளர்கிட்ட காட்டினேன். 'அந்த வரியில பூஜ்யம்தானேம்மா இருக்கு'ன்னுட்டார். அண்ணன் மிட்டாய் டப்பாவை நீட்டி, 'தங்கச்சி, தூக்கம் பத்தலையா'ன்னு கேட்டார். பணியாளர் துறை அம்மா லீவு போடச் சொல்றாங்க. இடி மட்டும் ஒண்ணும் பேசாம என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். நோட்டுல இருக்கிறது என் கையெழுத்து. நானே கற்பனை பண்ணி எழுதியிருந்தா?"

தாளை வாங்கி நிதானம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைய எதையோ எண்ணினார்.

"இதுல முப்பத்தொரு வரி. ஓரத்துல முப்பத்தொரு புள்ளி. நீ எத்தனை புள்ளி வச்சே?"

"படிச்ச வரைக்கும். பத்தொன்பதாவது வரியில பென்சில் கீழ விழுந்துடுச்சு. அப்புறம் நான்..." அவள் நிறுத்தினாள். "நான் அதுக்கு மேல படிக்கவே இல்லை."

"அப்ப இந்தக் கடைசிப் பன்னிரண்டு புள்ளியை யாரோ வச்சிருக்காங்க. தாளை மாத்தினவங்க, திருத்துறவங்க எல்லாரும் கடைசி வரைக்கும் புள்ளி வைப்பாங்கன்னு நினைச்சிட்டாங்க. உனக்குப் பைத்தியம் இல்லை." அவர் தாளைக் கீழே வைத்தார். "அதுதான் கெட்ட செய்தி."

அவள் மூச்சு ஒரு கணம் லேசானது. மறுகணம் அந்தச் சொற்கள் உறைத்தன.

நிதானம் பழைய மின் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். "மாச வாடகையை முப்பதால வகுத்தா, ஒரு நாளைக்கு ஆறாயிரத்து இருநூத்துப் பதினஞ்சு. இந்த மாசத் தொகையை அதால வகுத்தா, மிச்சமில்லாம பதிமூணு. பதிமூணு நாள் வாடகை. தேய்மானம் நாளைக்கு ரெண்டாயிரம். முப்பத்துநாலாயிரம்னா பதினேழு நாள். பதினேழு நாள் கட்டடம் இருக்கு. பதினெட்டாம் தேதியிலேர்ந்து இல்லை."

மூவரும் ஒரே நேரத்தில் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்கள். தேதி பதினெட்டு.

"இன்னைக்கு ஆலை லீவுதானே? உள்ள ஆள் இருக்க மாட்டாங்களே?" என்றான் தம்பி.

அவள் எழுந்துவிட்டாள். "மருத்துவமனைக்கு அவசர ஆர்டர். புதன்கிழமைதான் மாத்தினேன். கிடங்குக்கு மேல் மாடியில தையல் பகுதி. இருபத்துமூணு பொம்பளைங்க காலையிலேர்ந்து தைச்சுக்கிட்டிருக்காங்க. எங்க அண்ணிதான் சூப்பர்வைசர்."

"போன் போடுங்க!"

"போட முடியாது. தைக்கிற இடத்துல போன் கூடாது, வாசல் லாக்கர்ல வச்சுட்டுத்தான் மேலே போகணும்." சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்தாள். "அந்த உத்தரவைப் போட்டதே நான்தான்."

வாசல் காவலாளியின் தொலைபேசிக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த நேரத்தில் அவர் தண்ணீர் மோட்டார் போட ஆலையின் பின்பக்கம் போயிருப்பார். தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தாள். 'எங்கேம்மா எரியுது' என்றார்கள். 'இன்னும் எரியலை' என்றாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நிதானம் எழுந்து செருப்பை மாட்டினார். "டேய், வண்டியை எடு. ஆலை எவ்வளவு தூரம்?"

"ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள் அவள்.

"நாற்பத்தஞ்சு நிமிஷம்," என்றான் தம்பி. சாவி ஏற்கெனவே அவன் கையில் இருந்தது.

"நீ ஓட்டுற வேகத்துக்கா?"

"அக்கா, நான் சொல்லிக்கொடுக்கிற வேகம் வேற, ஓட்டுற வேகம் வேற."

"ஓடு. முதல்ல பொண்ணுங்களை வெளியே கொண்டு வா. ஒரு ஆள் விடாம எண்ணு."

ஆலை மேலாளரும் அவன் பின்னால் ஓடப் பார்த்தாள். நிதானம் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்னோட வா. அவன் போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை மணிக்கு, எந்த இடத்துலன்னு நமக்குத் தெரியணும். அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் ஹால்ல நல்ல பிள்ளையா உட்கார்ந்திருக்கு, மூணு பேர் சாட்சியோட. அதுக்குத்தான் இன்னைக்கு நாளைப் பார்த்து வச்சிருக்கு."

தெருவில் இறங்கியதும் நிதானம் காவல் நிலையத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனில் நாலே வார்த்தை பேசினார். பிறகு, காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டே கேள்வி கேட்டார். அவளுக்கோ ஒவ்வொரு அடியும் நீண்டது. வெயிலில் காய்ந்த சுவர், பூட்டிய கடைகள், ஒரு வீட்டுக்குள்ளிருந்து தையல் இயந்திரத்தின் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"தேய்மானம் பணமா வெளியே போறதில்லைன்னு வகுப்புல எப்போ சொன்னாங்க?"

"ரெண்டாவது நாள் மத்தியானம். அன்னைக்கு இடி மட்டும் இல்லை. வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிட்டார். அக்கா, அவர்தான்! பாடத்தைக் கேட்காதவர்தானே அந்தத் தப்பைப் பண்ணுவார்? அதுக்கப்புறம் இடைவேளைக்கு இடைவேளை மாடிப்படிக்கு அடியில நின்னு யார்கிட்டயோ ரகசியமா போன் பேசுறார். 'கண்ணு, மறுபடி சொல்லு, மெதுவாச் சொல்லு'ன்னு."

"இருக்கலாம். இன்னைக்கு நடக்கிற தையல் வேலைக்குக் கூடுதல் கூலி உண்டா?"

"ரெண்டு மடங்கு."

"இந்தத் தாள்ல சம்பள வரி எப்படி இருக்கு?"

அவள் தாளைப் பார்த்தாள். "வழக்கமான தொகைதான். கூடுதல் கூலியைச் சேர்க்கலை."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் அனுமதிக் கையெழுத்துப் போட்ட பணியாளர் துறை அம்மாவுக்கு."

நிதானம் தலையசைத்தார். "உள்ள போனதும் நீ தேதி, கிழமை எதையும் வாயைத் திறந்து சொல்லாதே. என்ன ஆனாலும் சரி."

ஹாலில் சுவர்க் கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து காட்டியது. குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. நான்கு மேசைகள், நான்கு மடிக்கணினிகள், ஒரு மூலையில் அச்சு இயந்திரம். அதில் யாருடைய கணக்கை வேண்டுமானாலும் யாரும் அச்செடுத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்க தீக்காப்பீட்டுல இருந்தவங்க," என்று மட்டும் சொன்னாள் அவள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார்," என்றார் நிதானம். தாளை உயர்த்திப் பிடித்தார். "ஒரு சின்னக் கேள்வி. பதினேழாவது வரி. வெளியே போற பணத்துல கட்டடத் தேய்மானம் மாசம் அறுபதாயிரம். சரியா, தப்பா?"

"இது என்ன பரீட்சையா?" இடி இடித்தார். "நாங்க என்ன பள்ளிக்கூடப் பசங்களா?"

"சொல்லுங்களேன்."

பணியாளர் துறைத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரிதானே? மாசா மாசம் கட்டணும்ல."

"யாருக்குக் கட்டணும்?"

"அது... கணக்குப் பிரிவுல பார்த்துப்பாங்க."

அண்ணன் மிட்டாய் டப்பாவை மூடிச் சிரித்தார். "சரிதாம்மா. கூட்டிப் பார்த்தேன், கூட்டல்கூடச் சரியா வருது."

பயிற்சியாளர் டஸ்டரைக் கீழே வைத்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரம் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினீங்களே!"

"தப்பு," என்றார் இடி, மேசையைப் பார்த்தபடி. அந்தக் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "கட்டடத்துக்கு வயசாகுது. அதுக்காக யாரும் நம்ம பையிலேர்ந்து காசை எடுக்கிறதில்லை. லாபக் கணக்குல கழிக்கணும், பணக் கணக்குல கழிக்கக்கூடாது." எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு காது சிவந்தார். "அன்னைக்கு நான் வரலை. என் பொண்ணு காலேஜ்ல இதைத்தான் படிக்குது. போன்ல சொல்லிக் கொடுத்துச்சு. என்ன இப்ப?"

ஆலை மேலாளர் இடியைப் பார்த்தாள். வகுப்புக்கு வராதவருக்குத் தெரிந்திருக்கிறது. வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர் மாடிப்படிக்கு அடியில் நின்று மறைத்தது ஒரு பாடத்தையா?

கடிகாரத்தில் ஒன்று நாற்பத்தாறு.

"இன்னொரு விஷயம்," என்றார் நிதானம், அதே குரலில். "உங்க ஆலையோட பழைய கிடங்குக்கு ஒருத்தர் தீ வைக்க ஏற்பாடு பண்ணியிருக்கார். அது எரியும்போது மேல் மாடியில இருபத்துமூணு பொண்ணுங்க தைச்சுக்கிட்டிருப்பாங்க."

"என்னது!" இடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எப்போ?"

"எப்போங்க?" பணியாளர் துறைத் தலைவி ஆலை மேலாளரின் கையைப் பற்றினார். "என்னைக்கு?"

"சும்மா பயமுறுத்தாதீங்கம்மா," என்றார் அண்ணன். "லீவு நாள்ல யார் வந்து தைக்கிறாங்க?"

நிதானம் தாளை மேசையில் வைத்தார்.

"ரெண்டு பேர் என்னைக்குன்னு கேட்டாங்க," என்றார் நிதானம். "நீங்க கேட்கலை. நான் நாளைச் சொல்லவே இல்லையே."

அண்ணன் சிரிக்க முயன்றார். ஆலை மேலாளர் அவர் எதிரில் போய் நின்றாள். மூன்று வாரமாகத் தனக்குத் தண்ணீர் பாட்டிலும் மிட்டாயும் நீட்டிய கை அது. "புதன்கிழமை நான் மாத்திட்டேன் அண்ணே. எல்லாரும் மேலதான் இருக்காங்க. எங்க அண்ணி இருக்காங்க. உங்க டிரைவர் பொண்டாட்டி இருக்கா."

டப்பா கீழே விழுந்து மிட்டாய்கள் நாலாபக்கமும் உருண்டன. அவர் முகம் பழைய துணி மாதிரித் தொங்கிப் போயிற்று.

"யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான்... சத்தியமா யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான் தங்கச்சி..."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு... ரெண்டேகால்."

"எங்கே?"

"பின்வரிசை அடுக்குக்குப் பின்னால. இஸ்திரிப்பெட்டி. டைமர் சுவிட்சோட."

"மின்சாரம்," என்றார் நிதானம். முதல் முறையாக அவர் குரல் வேகமானது. "மெயினை அணைச்சா போதும். இந்தா, என் போன்ல தம்பிக்கு அடி."

அடித்தாள். எடுக்கவில்லை. காவலாளியின் தொலைபேசியும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி, மறுபடி. இரண்டு மணி தாண்டியது. இரண்டு மூன்று. இரண்டு ஆறு. இடி வந்து அவள் பக்கத்தில் நின்றார். எட்டாவது தடவை இணைப்புக் கிடைத்தபோது மூச்சிரைப்புத்தான் முதலில் கேட்டது.

"வாசலுக்கு வந்துட்டேன்! காவலாளி உள்ள விட மாட்டேங்கிறார்! டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு இங்க என்ன வேலைன்னு கேட்கிறார்!"

"அவர்கிட்ட போனைக் கொடு!"

"யாரு?" என்றது காவலாளியின் குரல். "மேடமா? மேடம் குரல் இப்படி இருக்காதே."

பயம் தன் குரலையே தின்றுவிட்டிருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். "மோட்டார் கொட்டகை எரிஞ்ச அன்னைக்கு நான் உள்ள போகப் பார்த்தேன். நீங்க என் முடியைப் பிடிச்சு இழுத்தீங்க. அப்புறம் ஒரு வாரம் வெட்கப்பட்டு என் முகத்தையே பார்க்கலை. இதை நாம யார்கிட்டயும் சொன்னதில்லை. மெயின் சுவிட்சை அணைங்க. இப்பவே. அணைச்சுட்டு எல்லாரையும் கீழே இறக்குங்க."

போன் எதன் மீதோ விழுந்த சத்தம். ஓடும் காலடிகள். பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு பதினொன்று. இரண்டு பன்னிரண்டு. தொலைவில், எறும்பு ஊர்வது போல், பெண்களின் குரல்கள் போனுக்குள் வந்தன. பிறகு தம்பி எண்ணுவது கேட்டது. "பத்தொன்பது... இருபது... இருபத்தொண்ணு... இருபத்திரண்டு..."

அதோடு நின்றுவிட்டது.

"இருபத்திரண்டுதான் இருக்கு!"

"மறுபடி எண்ணுங்க!" என்று கத்தினாள் அவள்.

"இருங்க, இருங்க, ஒரு அம்மா திட்டிக்கிட்டே இறங்கி வர்றாங்க..." போன் கைமாறியது.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?" என்றாள் அண்ணி. "ஆர்டர் அவசரம்னு சொன்னதும் நீதான், இப்போ கரண்டைப் பிடுங்கினதும் நீதானா? ஊசி துணியிலேயே நிக்குது. யாரு இந்த ஆளு, என்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் எண்ணுறான்?"

ஆலை மேலாளர் ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். கடிகாரம் இரண்டேகாலைக் கடந்தது. எங்கும் எதுவும் எரியவில்லை.

காவலர்கள் வரும்வரை அண்ணன் நாற்காலியிலேயே இருந்தார். நிதானம் அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இவரைக் கண்டுபிடிச்சது வாடகை எண்தான். ஊகிச்ச எண் எல்லாம் ஆயிரத்துல வட்டமா இருக்கும். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூத்தம்பதுக்கு வால் இருக்கு. வால் இருக்கிற எண் ஊகம் இல்லை, யார்கிட்டயோ விலை கேட்டு வாங்கினது. உங்கள்ல வெளியே போய் விலை கேட்கிறது யாரோட வேலை? ஆனா அது மட்டும் போதாது. தேய்மானத் தப்பு விற்பனைக்காரரைக் கழிச்சுடுச்சு. கூடுதல் கூலியைச் சேர்க்காதது பணியாளர் துறை அம்மாவைக் கழிச்சுடுச்சு. மிச்சம் இருந்தவர் தன் வாயாலயே சொல்லிட்டார்."

"ஆனா ஏன்?" என்றார் பயிற்சியாளர். "தீ வைக்கப் போறவர் அதைக் கணக்காப் போட்டு என்கிட்டயே ஏன் கொடுக்கணும்?"

அண்ணன் தரையில் கிடந்த மிட்டாய்களைப் பார்த்தபடி பேசினார். "வராத சரக்குக்கு ரெண்டு வருஷமா பணம் கொடுத்திருக்கேன். அதுல எனக்கும் பங்கு. மாசக் கடைசியில சரக்கு எண்ண வர்றாங்க. கிடங்கு இல்லைன்னா எண்ண முடியாது. ஆனா... காப்பீட்டுப் பணம் வர அஞ்சு மாசம் ஆகும். அது வரைக்கும் ஆலை தாங்குமா, மூடிடுவாங்களான்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியலை. யார்கிட்ட போய்க் கேட்கிறது இந்தக் கேள்வியை?" அவர் நிமிர்ந்தார். "இங்கதான் பேர் போட வேண்டாமே. திருத்தி, சரியா தப்பான்னு எழுதித் தருவாங்க. மூணு வாரமா பார்க்கிறேன், யாரும் படிக்கிறதில்லை. நானும் படிச்சதில்லை. வரிசையா புள்ளி வச்சுட்டுப் போயிடுவோம். சார் மட்டும்தான் படிப்பார், அவருக்கு எங்க கிடங்கைத் தெரியாதுன்னு நினைச்சேன். நீ நிஜமாவே படிப்பேன்னு நான் நினைக்கலை தங்கச்சி."

அவரை அழைத்துப் போன பிறகு அவருடைய பையில் மூல அச்சு கிடைத்தது. நான்காக மடித்திருந்தது. காவலர் அதை மேசையில் விரித்து, அடையாளம் காட்டச் சொன்னார்.

"இதுதான்," என்றாள் அவள். ஓரத்தில் அவளுடைய புள்ளிகள். பதினெட்டு சிறியவை. பத்தொன்பதாவது, பென்சில் நழுவியதால் வால் முளைத்து நீண்டிருந்தது.

"உங்களுக்கு நல்ல பயம் போல," என்றார் காவலர்.

"ஆமா."

தாளைக் காவலர் பக்கம் தள்ளப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். இன்னும் பன்னிரண்டு வரி பாக்கி. அதில் வேறு என்ன இருக்கிறதோ. நிதானம் மேசையிலிருந்த பென்சிலை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"புள்ளி வைக்கக் கூடாதும்மா, இது சாட்சி," என்றார் காவலர்.

"வைக்கலை. படிச்சுக்கிறேன்."

தாளைத் தொடாமல், பென்சில் முனையை அந்தரத்தில் பிடித்தபடி, இருபதாவது வரியைப் படிக்கத் தொடங்கினாள்.